நேரில் போய்க் கேட்ட சரளா தேவி: ஒரு ரகசிய சங்கத்தின் கதை (த்ரெட்)

1/ நேத்து நைட் டூட்டி. மணி ரெண்டரை இருக்கும். ரெண்டு பிரசவம் முடிஞ்சு, ஒரு பாம்புக்கடி கேஸை 108-ல ஏத்தி தேனி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிட்டு, ஒரு டீ குடிக்கலாம்னு வெளியே வந்தேன். வார்டு வாசல் பெஞ்சில ஒரு பொண்ணு. பாட்டிக்குத் துணையா வந்தவ. பிளஸ் டூ முடிச்சுட்டு கலந்தாய்வுக்குக் காத்திருக்கா. கண் கொட்டாம போன்ல ஏதோ படிச்சுட்டு இருந்தா.

2/ "என்னம்மா படிக்கிற இந்த நேரத்துல?"
"தொடர்கதை டாக்டர். இத்தாலி, ஃப்ளாரன்ஸ். ஒரு பிரபு வீட்டுப் பொண்ணு. ராத்திரி முகமூடி போட்டவங்க வந்து அவளை ஒரு ரகசிய சங்கத்துல சேர்க்குறாங்க. மெழுகுவத்தி முன்னாடி சத்தியம் எல்லாம் வாங்குறாங்க."
அப்புறம் அவளே கேட்டா: "நம்ம நாட்டுல இப்படி நிஜமா யாராச்சும் இருந்திருக்காங்களா டாக்டர்?"

3/ இருந்திருக்காங்க. மறுமலர்ச்சிக் காலம், பிரபு குடும்பம், ரகசிய சங்கம், சத்தியம், வாள் பயிற்சி எல்லாமே உண்டு. முகமூடி மட்டும் இல்லை. அவர் பெயர் சரளா தேவி. டீ ஆறுற வரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுறேன். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

4/ முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் எம்பிபிஎஸ். வரலாறு படிச்சவ இல்லை, வரலாறு பிடிச்சவ. அதுக்கு எங்க ஊரும் ஒரு காரணம். சின்னமனூர்ல கிடைச்ச செப்பேடுகள் பாண்டியர் வரலாற்றுக்கு முக்கியமான ஆதாரம். யாருக்குப் பின் யார் ஆண்டாங்க, யார் எந்தப் போர்ல ஜெயிச்சாங்கன்னு வரிசையா சொல்லும். அப்பா பேர், பிள்ளை பேர், அடுத்த பிள்ளை பேர். பெண்களோட கதையைத் தேடணும்னா வேற இடத்துக்குத்தான் போகணும். சரளா தேவி விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம். தன் கதையை அவரே எழுதி வச்சிருக்கார்.

5/ மறுமலர்ச்சின்னா நமக்கு 15, 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிதான் ஞாபகம் வரும். 19-ஆம் நூற்றாண்டு வங்காளத்துல நடந்ததையும் வரலாற்றில் 'வங்க மறுமலர்ச்சி'ன்னுதான் சொல்றாங்க. அச்சகம், பத்திரிகை, நாவல், பிரம்ம சமாஜம், 1856-ல் விதவை மறுமணச் சட்டம், பெண்களுக்குக் கல்லூரி, எல்லாம் ஒரே நூற்றாண்டுக்குள்ள. இதோட மையத்துல இருந்த வீடுகள்ல ஒண்ணு கல்கத்தா ஜொராசாங்கோவில் இருந்த தாகூர் மாளிகை.

6/ கப்பல், நிலக்கரி, வங்கின்னு பெரிய அளவில் வியாபாரம் செய்து 'பிரின்ஸ்'னே அழைக்கப்பட்டவர் துவாரகநாத் தாகூர். அவர் மகன் தேவேந்திரநாத், பிரம்ம சமாஜத் தலைவர், பெரிய ஜமீன்தார். தேவேந்திரநாத்தின் மகள் சுவர்ணகுமாரி தேவி, நாவலாசிரியர், பத்திரிகை ஆசிரியர். அவர் தம்பிதான் ரவீந்திரநாத். சுவர்ணகுமாரியின் மகள் நம்ம சரளா. பிறப்பு 1872 செப்டம்பர் 9. அப்பா ஜானகிநாத் கோஷல், காங்கிரஸின் ஆரம்ப காலத்தில் முக்கியமான வேலைகளைப் பார்த்தவர்.

7/ பெரிய வீடு, நிறைய வேலைக்காரங்க. அம்மா எப்பவும் எழுத்து மேஜையில். குழந்தைகளை வளர்த்தது தாதிமார். அம்மாவின் அணைப்புக்கு ஏங்கின குழந்தையாகத்தான் தன்னைப் பத்தி சரளா எழுதுறார். இதுல அம்மாவைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. என் பொண்ணு ஒண்ணாப்பு படிக்கிறா. வாரத்துல ரெண்டு ராத்திரி என் மாமியார் பக்கத்துலதான் தூங்குறா. பெரியவளாகி என்ன எழுதப் போறாளோ!

8/ 1890-ல் பெத்யூன் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ். பெண்களில் முதலிடத்துக்கான பத்மாவதி தங்கப் பதக்கம். வயசு 18 கூட நிறையலை. அந்தக் காலத்துல இந்தியாவில் பட்டம் வாங்கின பெண்களை எண்ணிடலாம்.

9/ இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சரளாவுக்கு அறிவியல் ஆசை. பெத்யூன்ல இயற்பியல் கிடையாது. அதனால டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய அறிவியல் சங்கத்துக்கு மாலை நேர வகுப்புக்குப் போனார். ஹாலில் அவர் ஒருத்தர்தான் பெண். ரெண்டு பக்கமும் வீட்டுப் பசங்க காவலுக்கு உட்காருவாங்களாம். சர்க்கார் நம்ம ஆள்தான், கல்கத்தா மெடிக்கல் காலேஜ் எம்.டி. பிறகு ஹோமியோபதிக்குப் போயிட்டார். அந்தச் சண்டையை இன்னொரு த்ரெட்ல வச்சுக்கலாம். பின்னாடி 1928-ல் சர் சி.வி. ராமன் தன் கண்டுபிடிப்பைச் செய்தது அதே சங்கத்தின் ஆய்வகத்தில்தான்.

10/ படிச்சாச்சு. அடுத்து கல்யாணம்தானே? சரளா 'வேலைக்குப் போறேன்'னார். பணத்துக்கு ஒரு குறையும் இல்லாத வீடு. ஆனா ஆம்பளைங்க மாதிரி சொந்தக் காலில் நிற்கிற உரிமை தனக்கும் வேணும்னு பிடிவாதம். 1895-ல் மைசூர் மகாராணி பெண்கள் பள்ளியில் ஆசிரியை. கல்கத்தாவில் இருந்து மைசூர், அந்தக் காலத்துல! தாகூர் குடும்பமே வாயடைச்சுப் போச்சு.

11/ ஒரு வருஷம்கூட இருக்க முடியலை. ஒரு ராத்திரி அவர் தங்கியிருந்த வீட்டுக்குள்ள ஒருத்தன் நுழைஞ்சுட்டான். ஊர் திரும்பினார். கல்கத்தாவில் ஒரு பத்திரிகை, 'இந்தப் பெண்ணுக்கு அங்கே போய் வேலை பார்க்க என்ன தேவை வந்தது'ங்கிற தொனியில் எழுதுச்சு. நுழைஞ்சவனைப் பத்தி யாருக்கும் கேள்வி இல்லை. இதைப் படிக்கிற நர்ஸ், டாக்டர், டீச்சர் எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதான். ராத்திரி வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஏதாவது ஆனா, 'ஏன் போன?'ங்கிறதுதான் இன்னைக்கும் முதல் கேள்வி.

12/ மைசூரில் இருந்து சரளா வெறுங்கையோடு போகலை. தென்னாட்டுப் பாட்டு மெட்டுகளை அள்ளிக்கிட்டுப் போய் மாமா ரவீந்திரநாத்துக்குக் கொடுத்தார். அந்த மெட்டுகளில் தாகூர் புதுப் பாட்டு எழுதினார். ரவீந்திர சங்கீதத்துக்குள்ள நம்ம கர்நாடக சங்கீதம் புகுந்த வழிகளில் ஒரு வழி சரளா.

13/ சரி, ரகசிய சங்கத்துக்கு வருவோம். ஊர் திரும்பின சரளா, குடும்பப் பத்திரிகையான 'பாரதி'க்கு ஆசிரியர் ஆனார். அப்போ ரயிலிலும் தெருவிலும் வெள்ளைக்காரன் இந்தியனை உதைப்பது சாதாரணம். கோர்ட்டுக்குப் போனா பத்து, இருபது ரூபாய் அபராதத்தோடு முடியும். 'உதை வாங்கின கதை போதும், திருப்பிக் கொடுத்த கதையை எழுதி அனுப்புங்க'ன்னு வாசகர்களைக் கேட்டார். அந்தப் பகுதிக்கு அவர் வச்ச தலைப்பின் அர்த்தம்: சீமைக் குத்துக்கு எதிராக நாட்டுக் குத்து!

14/ கடிதம் எழுதினவங்களோட இளைஞர்கள் நேரிலும் வர ஆரம்பிச்சாங்க. 'வங்காளிகள் கோழைகள்'னு ஆங்கிலேயர்கள் எழுதி எழுதி அவங்களே நம்பிட்ட காலம். சரளா தன் வீட்டிலேயே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். வாள், சிலம்பம் மாதிரி லாட்டி, குத்துச்சண்டை. கத்துக்கொடுக்க முர்தாஸா என்ற வாள் வீச்சுக்காரரைச் சம்பளம் கொடுத்து வச்சார். செலவு சரளாவுடையது. கல்யாணம் ஆகாத, முப்பதை நெருங்கிய ஒரு பிரபு வீட்டுப் பெண் இதைச் செய்தார்ங்கிறதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

15/ இப்போ அந்தச் சத்தியம். உள்ளே வர்ற பையன்களை இந்திய வரைபடத்துக்கு முன்னாடி நிறுத்துவார். நாட்டுக்காக உடலாலும் மனதாலும் உழைப்பேன்னு உறுதிமொழி வாங்குவார். கையில் ராக்கி கட்டுவார். இது ரகசிய சங்கம்னு சொல்ல முடியாது, ஆனா வெளியே பேசக்கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு புரிதல் இருந்தது, பேசினா வலு குறைஞ்சுடும்ங்கிற மாதிரி அவரே விளக்குறார். வெளியே சொல்லக்கூடாத சங்கத்துக்கு வேற என்ன பேருன்னு நான் சிரிச்சுக்கிட்டேன்.

16/ 1903-ல் 'பிரதாபாதித்யன் விழா' நடத்தினார். முகலாயரை எதிர்த்த வங்காள ஜமீன்தார் பிரதாபாதித்யன். விழாவில் சொற்பொழிவு கிடையாது. வாள், மல்யுத்தம், லாட்டி விளையாட்டுதான். கல்கத்தாவே திரும்பிப் பார்த்தது. ஆனா ரவீந்திரநாத்துக்குப் பிடிக்கலை. சொந்தச் சித்தப்பாவைக் கொன்றவன் பிரதாபாதித்யன். அவனைக் கொடியவனாகக் காட்டி தாகூர் இளவயசிலேயே ஒரு நாவல் எழுதியிருந்தார். 'அவனைப் போய் நாயகனாக்குறியே'ன்னு வருத்தம். 'நல்லவன்னு நான் சொல்லலை, வீரன்னு சொல்றேன்'ங்கிறது மருமகளின் பதில். (இங்கே மருமகள்னா அக்கா மகள்.)

17/ என்னைக் கேட்டா இந்தச் சண்டையில் மாமா பக்கம்தான் நியாயம் அதிகம். வீரத்தையும் ஒழுக்கத்தையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடி வச்சுட முடியாது. துர்கா பூஜையின் அஷ்டமி அன்னைக்கு 'வீராஷ்டமி' விழாவையும் அவர் தொடங்கினார். வாள் கத்துக்கொடுத்தவர் முர்தாஸா, விழா நாளோ துர்கா பூஜை. முஸ்லிம் இளைஞன் எங்கே நிற்பான்? இந்தக் கேள்வி அந்தத் தலைமுறைப் புரட்சிக்காரர்கள் பலருக்கும் எழலை. பின்னாடி வங்காளம் அதுக்குப் பெரிய விலை கொடுத்தது. சரளாவைப் பிடிக்கும்ங்கிறதுக்காக இதை விட்டுட்டு எழுத முடியாது.

18/ இதே சமயத்தில் இன்னொரு சங்கம் பிறந்தது. 1902 மார்ச் 24, அனுசீலன் சமிதி. தொடங்கியவர் சதீஷ் சந்திர பாசு, தலைவர் பாரிஸ்டர் பிரமதநாத் மித்ரா. பேர் பங்கிம் சந்திரரின் எழுத்தில் இருந்து எடுத்தது. வெளியே பார்த்தா உடற்பயிற்சிக் கழகம். உள்ளே ஆயுதப் புரட்சிக்குத் தயாரிப்பு. சரளாவின் பயிற்சிக்கூடத்துக்கும் இதுக்கும் ஆட்கள், எண்ணம், பழக்கம் எல்லாத்திலும் தொடர்பு.

19/ பரோடாவில் வேலையில் இருந்த அரவிந்தர், அங்கே படையில் பயிற்சி எடுத்த ஜதீந்திரநாத் பானர்ஜி என்ற இளைஞரைக் கல்கத்தாவுக்கு அனுப்புறார். கையில் ஓர் அறிமுகக் கடிதம். யாருக்கு? சரளா தேவிக்கு. கல்கத்தாவில் ரகசிய வேலை தொடங்கணும்னா முதல்ல இந்த அம்மாவைப் பார்க்கணும்ங்கிற நிலை. தொடர்கதையில் பிரபு குலப் பெண்ணைச் சங்கம் தேடி வந்து இழுக்கும். இங்கே சங்கம் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது, அவர் திறந்து வச்சிருந்தார்.

20/ அவர் கொடுத்தது என்ன? பேர், பணம், ஆட்கள், போலீஸ் அவ்வளவு சீக்கிரம் சந்தேகப்படாத ஒரு பெரிய வீடு. ஆனா அந்த ரகசிய வட்டங்களில் பொறுப்பு எல்லாம் ஆண்கள் கையில்தான். வெளியே இருந்து தாங்கிப் பிடிக்கிற தூண் மாதிரி சரளா. தூண்கிட்ட யாரும் யோசனை கேட்க மாட்டாங்க இல்லையா?

21/ இப்போதான் நான் இந்த த்ரெட்டை எழுதக் காரணமான சம்பவம். சங்கத்துக்குப் பணம் வேணும். சில இளைஞர்கள் ஒரு திட்டத்தோட இருக்காங்கன்னு சரளாவுக்குத் தெரியவருது. கொள்ளை. சொந்த நாட்டுக்காரன் வீட்டில். 'இது சரியா?'ன்னு கேட்டா, 'திலகர் சொல்லியிருக்கார்'னு பதில்.

22/ திலகர்! அந்தப் பேருக்கு மேல அப்பீல் கிடையாது. நாடே தலைவரா நினைச்சவர். அந்தப் பேரைச் சொன்னதும் வாயை மூடிக்கிறதுதான் இயல்பு. ஒதுங்கிப் போயிருக்கலாம். 'எனக்குத் தெரியாது, என்னமோ பண்ணுங்க'ன்னு விட்டிருக்கலாம். சரளா ரெண்டையும் செய்யலை. திலகர் அப்படிச் சொன்னார்ங்கிறதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நேரில் கேட்டுடறதுன்னு கிளம்பிட்டார். கல்கத்தாவில் இருந்து பூனா. நாட்டின் ஒரு கோடியில் இருந்து இன்னொரு கோடி.

23/ திலகரைப் பார்த்தார், கேட்டார். திலகர் சொன்ன பதிலைப் பின்னாடி சரளாவே பதிவு செய்திருக்கார். சுருக்கமா: கொள்ளையை நான் ஏற்கவில்லை. வேறெதுக்கு இல்லாவிட்டாலும், அரசியலுக்கு அதனால் பிரயோஜனம் இல்லைங்கிறதுக்காகவே ஏற்கவில்லை. ஆனா மனுஷங்க குணம் பலவிதம், அவரவர் வழி பலவிதம், அதனால வெளிப்படையா கண்டிக்கவும் மாட்டேன். அதாவது, அவர் உத்தரவு கொடுக்கலை. அவர் பேரை யாரோ பயன்படுத்திக்கிட்டாங்க.

24/ அந்தப் பதிலின் ரெண்டாவது பாதி எனக்கு உறுத்தும். 'ஏற்கவில்லை, கண்டிக்கவும் மாட்டேன்.' பெரியவங்க இப்படி நடுவுல நிற்கும்போதுதான் அவங்க பேர்ல கீழே எதெதுவோ நடக்கும். நம்ம வேலை செய்யற இடத்துலயும் பார்த்திருக்கோம்.

25/ இந்த இடத்துல என் கதை ஒண்ணு. நான் ஹவுஸ் சர்ஜன். ராத்திரி. சர்க்கரை ஏறின ஒரு அம்மா வார்டில். சீஃபுக்கு போன் பண்ணிக் கேட்டேன். லைன் விட்டு விட்டு வந்தது. என் காதுல விழுந்தது 'ஃபார்ட்டி'. சிஸ்டர்கிட்ட போய், "இன்சுலின் 40 யூனிட், சீஃப் சொல்லிட்டாரு"ன்னேன். ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருஷம் இருந்த சிஸ்டர் அவங்க. சிரிஞ்சை எடுக்கலை. "நான் ஒருவாட்டி ஐயாகிட்டயே கேட்டுக்கறேம்மா"ன்னாங்க.

26/ எனக்குக் கோபம்னா அப்படிக் கோபம். டாக்டர் நான் சொல்றேன், இவங்க என்னை நம்பலையா? அவங்க நிதானமா லேண்ட்லைன் பக்கம் போனாங்க, பேசினாங்க, வந்தாங்க. "ஃபோர்ட்டீனாம்மா. பதினாலு." அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லலை. யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. அந்த அம்மா நாலாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாங்க. என் கை நடுக்கம் நிற்க அதைவிட அதிக நாளாச்சு.

27/ 'சீஃப் சொல்லிட்டாரு'ன்னு நான் சொன்னது பொய் இல்லை. நான் நம்பித்தான் சொன்னேன். 'திலகர் சொல்லியிருக்கார்'னு சொன்ன பையன்களும் ஒருவேளை நம்பித்தான் சொல்லியிருப்பாங்க. நம்பிக்கையோட சொல்ற தப்புதான் ரொம்ப ஆபத்து. அதை நிறுத்த, கோபப்படுவாங்கன்னு தெரிஞ்சும் 'கேட்டுட்டு வர்றேன்'னு கிளம்புற ஒரு ஆள் வேணும். சரளா கையில் இருந்த வாளைவிட எனக்கு இந்தப் பூனா பயணம்தான் பெரிசாத் தெரியுது.

28/ அப்புறம் என்ன ஆச்சு? 1905-ல் குடும்பம் சரளாவுக்குக் கல்யாணம் முடிச்சது. வயசு 33. மாப்பிள்ளை ராம்புஜ் தத் சௌத்ரி, லாகூர் வக்கீல், ஆரிய சமாஜத்துக்காரர். அதே வருஷம் அக்டோபர் 16 வங்கப் பிரிவினை. ஊரே கொந்தளிச்சு, அவர் தயார்படுத்தின இளைஞர்கள் தெருவில் இறங்கின நேரத்தில், வங்காளத்தை விட்டு லாகூருக்கு மருமகளாப் போயிட்டார். போற வழியில் என்றே சொல்லலாம், 1905 காசி காங்கிரஸில் வந்தே மாதரம் பாடினார். மூலப் பாட்டில் வங்காள மக்கள்தொகையான ஏழு கோடி இருக்கும். அதை முப்பது கோடியாக மாத்திப் பாடி முழு இந்தியாவுக்கும் ஆக்கினார்.

29/ அவர் இல்லாத கல்கத்தாவில் ரகசிய சங்கம் வேகம் எடுத்தது. கொள்ளைகளும் நடந்தன, குண்டுகளும் வந்தன. 1908 ஏப்ரல் 30, முசாஃபர்பூர். மாஜிஸ்திரேட் கிங்ஸ்ஃபோர்டின் வண்டின்னு நினைச்சு குதிராம் போஸும் பிரஃபுல்ல சாகியும் குண்டு வீசினாங்க. உள்ளே இருந்தது கென்னடி குடும்பத்து அம்மாவும் பொண்ணும். ரெண்டு பேரும் இறந்தாங்க. பிரஃபுல்ல சாகி பிடிபடும்போது தன்னையே சுட்டுக்கொண்டார். குதிராமை ஆகஸ்ட் 11-ல் தூக்கில் போட்டாங்க. வயசு 18.

30/ குதிராமின் தைரியத்துக்கு முன்னாடி நான் தலை குனியுறேன். அதே சமயம் அந்த வண்டிக்குள்ள இருந்தது யாருன்னு யாரும் பார்க்கலைங்கிறதையும் மறக்க முடியலை. இந்தச் சம்பவம் பத்தி கேசரியில் எழுதினதுக்காகத் திலகருக்கு 6 வருஷம் சிறை, பர்மாவில் மாண்டலே. அரவிந்தர் கைதாகி, 1909-ல் விடுதலை ஆனார்.

31/ இதோட ஒரு கிளை நம்ம பக்கமும் வருது. சரளாவுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்த அதே அரவிந்தர் 1910 ஏப்ரலில் புதுச்சேரி வந்துசேர்ந்தார். அதே வருஷம் வ.வே.சு. ஐயரும் வந்தார். பாரதியார் ஏற்கெனவே அங்கே. திருநெல்வேலிச் சீமையில் நீலகண்ட பிரம்மச்சாரி 'பாரத மாதா சங்கம்' அமைச்சார். 1911 ஜூன் 17, மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 14 பேரும் ஆண்கள். அந்த வீடுகளில் இருந்த பெண்களுக்கு என்ன தெரியும், யார் கேட்டாங்க, யார் தடுத்தாங்க, யார் சோறு போட்டாங்க? செப்பேடு மாதிரியேதான் வழக்குக் கட்டும்.

32/ லாகூரில் சரளா சும்மா இருக்கலை. கணவர் 'இந்துஸ்தான்' என்ற உருது வாரப் பத்திரிகை நடத்தினார். அரசு அவர் பேருக்கு நெருக்கடி கொடுத்தப்போ, பத்திரிகைப் பொறுப்பைச் சரளா தன் பேரில் ஏத்துக்கிட்டார். 1910-ல் அலகாபாத்தில் 'பாரத ஸ்த்ரீ மகாமண்டல்' தொடங்கினார். அகில இந்திய அளவில் பெண்களுக்காகப் பெண்களே நடத்தின ஆரம்ப அமைப்புகளில் ஒண்ணு. வெளியே வர முடியாத பெண்களுக்கு வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லித்தர்ற திட்டம். ஆண்களை நம்பி பெண் விடுதலையைக் கொடுத்தா அது நடக்காதுங்கிறது அவர் கணக்கு. சங்கத்துத் தூணா நின்ன அனுபவம் பேசியிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

33/ 1919-ல் ஜாலியன்வாலா பாக், பஞ்சாபில் ராணுவச் சட்டம். கணவர் சிறையில். அப்போ லாகூர் வந்த காந்தி தங்கினது சரளா வீட்டில். வாள் எடுத்தவர் ராட்டை எடுத்தார். பெரிய இடத்துப் பெண்களில் முதன்முதலில் முரட்டுக் கதர்ப் புடவை கட்டி மேடை ஏறினவர்களில் ஒருத்தர். இன்னைக்கு இணையத்தில் சரளா தேவின்னு தேடினா இதுக்கு அப்புறம் வர்ற ஒரே விஷயம்தான் கொட்டும்: காந்தி அவரைத் தன் 'ஆன்மிக மனைவி'ன்னு ஒரு நண்பருக்கு எழுதினது, 1920-ல் நம்ம ராஜாஜி 'இது வேண்டாம்'னு காந்திக்குக் கடுமையா கடிதம் எழுதினது.

34/ நடந்தது உண்மைதான். காந்தி விலகினார். காயம் யாருக்கு அதிகம்னு சொல்லத் தேவையில்லை. ஆனா கிட்டத்தட்ட 73 வருஷம் வாழ்ந்த ஒரு பெண்ணை அந்த ஒண்ணு ரெண்டு வருஷத்தில் அடைச்சுட்டோம். தாகூரின் அக்கா மகள், காந்தியின் தோழி. ரெண்டு பெரிய ஆண்களுக்கு நடுவுல ஒரு அடிக்குறிப்பு. பூனாவுக்குப் போன கதையைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கு.

35/ 1923-ல் கணவர் இறந்தார். கல்கத்தா திரும்பி மறுபடி 'பாரதி' ஆசிரியர். 1930-ல் பெண்களுக்கு ஒரு கல்வி நிலையம். அதுக்குள்ள ரகசிய சங்கங்களில் பெண்கள் நேரடியாவே வந்துட்டாங்க. 1932 பிப்ரவரி 6, பட்டமளிப்பு விழாவில் வங்காள கவர்னரைச் சுட்டார் பீனா தாஸ். குறி தவறியது, 9 வருஷச் சிறை. அதே வருஷம் செப்டம்பரில் சிட்டகாங் பகுதியில் ஐரோப்பியர் கிளப் தாக்குதலைத் தலைமை தாங்கி நடத்திய ப்ரீதிலதா வதேதார், பிடிபடாமல் இருக்க சயனைடு சாப்பிட்டு இறந்தார். வயசு 21. அவர் தோழி கல்பனா தத். மூணு பேரும் படிச்ச கல்லூரி எது தெரியுமா? பெத்யூன். சரளா படிச்ச அதே பெத்யூன்.

36/ கடைசி வருஷங்களில் சரளா பொது வாழ்க்கையை விட்டு ஆன்மிகத்துக்குப் போயிட்டார். 1940-களில் தன் கதையை ஒரு வங்காளப் பத்திரிகையில் தொடரா எழுதினார். தலைப்பின் அர்த்தம் 'வாழ்க்கையின் உதிர்ந்த இலைகள்'. 1945 ஆகஸ்ட் 18-ல் இறந்தார். அதே நாளில்தான் தைவானில் நேதாஜி போன விமானம் விழுந்ததாகச் சொல்றாங்க. இளைஞர்களை ஆயுதத்துக்குத் தயார்படுத்தின அந்தப் பெண்மணியின் மறைவை யார் கவனிச்சிருப்பாங்க?

37/ விடிகாலையில் ரவுண்ட்ஸ் போனேன். பாட்டிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. அந்தப் பொண்ணு தூங்கவே இல்லை. "டாக்டர், திலகர்கிட்ட போய் கேட்டாங்களே, அவங்களுக்குப் பயமா இருந்திருக்காதா?"ன்னா. "இருந்திருக்கும்மா. அந்த சிஸ்டருக்கும் இருந்திருக்கும்"னேன். எந்த சிஸ்டர்னு அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

38/ அப்புறம் தயங்கித் தயங்கி, பாட்டியோட மருந்துச் சீட்டை நீட்டினா. "ராத்திரி கேட்கலாமா வேணாமான்னு இருந்தேன். இந்தப் பிரஷர் மாத்திரை வீட்டுலயும் சாப்பிடுறாங்க, பேர்தான் வேற. ரெண்டும் ஒண்ணா டாக்டர்?" வாங்கிப் பார்த்தேன். ரெண்டும் ஒரே மருந்துதான். எழுதினது நான். ஒண்ணை அடிச்சுட்டு, "நல்லவேளை கேட்ட"ன்னேன்.

39/ உங்க வேலையிடத்தில், வீட்டில், 'இரு, நான் கேட்டுட்டு வர்றேன்'னு சொன்ன ஒரு ஆள் கண்டிப்பா இருப்பாங்க. அவங்களைப் பத்தி கீழே எழுதுங்க. டூட்டி முடிஞ்சு வந்து எல்லாத்தையும் படிக்கிறேன். (முற்றும்)